சேரிக் குழந்தையின் பொம்மையை யார் சோதிப்பது?

"பார்த்து வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா என்று கவனியுங்கள். மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைத் தவிருங்கள்." குழந்தைகளின் பொம்மைகளில் இருக்கும் நச்சு வேதிப்பொருட்களைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதினாலும், எந்தத் தொலைக்காட்சி பேசினாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். நஞ்சைக் கலந்தவர் யார், விற்க விட்டவர் யார், சோதித்திருக்க வேண்டியவர் யார் என்ற கேள்விகள் எல்லாம் நடுவழியிலேயே கழன்று விழுந்துவிடும். மிஞ்சுவது தாய்க்கு ஓர் அறிவுரை.

இந்த அறிவுரை யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது? பெரிய கடைக்குப் போய், பொம்மை இருக்கும் அட்டைப் பெட்டியைத் திருப்பிப் படித்துப் பார்த்து, 600 ரூபாய் கொடுத்து வாங்கக்கூடியவரை நோக்கி. எங்கள் வேலை நடக்கும் காலனிகளில் பொம்மை அப்படி வருவதில்லை. வாரச் சந்தையில் வரும். கோயில் திருவிழாவில் தரையில் விரித்த தார்ப்பாயில் வரும். சைக்கிளில் பலூனோடு வரும். வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவிடம் அந்த வீட்டுக்காரர்கள் "உன் பிள்ளைக்கு எடுத்துட்டுப் போ" என்று கொடுக்கும் பழைய பொம்மையாக வரும். குப்பையிலிருந்தும் வரும். கயிற்றில் தொங்கும் 20 ரூபாய்க் கிலுகிலுப்பைக்கு அட்டைப் பெட்டி ஏது? முத்திரையை எங்கே தேடுவது?

ஆகவே நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். பொம்மையில் இருக்கும் நஞ்சு தாயின் கவனக்குறைவு பற்றிய பிரச்சினை அல்ல. சோதிக்கப்பட்ட பொருள் யாருக்கு, சோதிக்கப்படாத பொருள் யாருக்கு என்று இந்தச் சமூகம் பிரித்து வைத்திருக்கும் பிரச்சினை. அந்தப் பிரிவினையை விலை என்று அழைக்கிறார்கள். விலைக்குப் பின்னால் சாதி நிற்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

பொம்மைக்குள் என்ன இருக்கிறது?

பிவிசி பிளாஸ்டிக் இயல்பில் கெட்டியானது. தண்ணீர்க் குழாய் அதில்தான் செய்கிறார்கள். அதே பிளாஸ்டிக், குழந்தை கடித்தால் அமுங்கும் வாத்து பொம்மையாக மாற வேண்டுமானால் அதை இளக்குவதற்கு வேறொரு பொருளைச் சேர்க்க வேண்டும். பல பத்தாண்டுகளாக அந்த வேலைக்குப் பயன்படுபவை தாலேட் எனப்படும் வேதிப்பொருட்கள். மென்மையான பிவிசி பொருளின் எடையில் 10 முதல் 40 சதவீதம் வரை கூட இவை இருக்கக்கூடும். பிளாஸ்டிக்கோடு இவை வேதிப்பிணைப்பில் இல்லை. பஞ்சில் ஊறிய எண்ணெய் போல உள்ளே தங்கியிருக்கின்றன. குழந்தை சப்பும்போது எச்சிலோடு வெளியே வருகின்றன. இவற்றில் டிஇஎச்பி போன்ற சில, ஆண் ஹார்மோனின் வேலையைக் குலைப்பவை. ஐரோப்பிய ஒன்றியம் அவற்றை இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யும் பொருட்கள் என்றே வகைப்படுத்தி வைத்திருக்கிறது.

அடுத்தது காரீயம். பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு, இது வேறு. பிவிசி வெப்பத்தில் சிதையாமல் இருக்கக் காரீய உப்புகளைச் சேர்ப்பார்கள். பளிச்சென்ற மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காரீயம் கலந்த நிறமிகள் மலிவாகக் கிடைக்கும். காட்மியமும் அப்படித்தான்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்குப் பயன்படும், சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதிசெய்யப்பட்டது. காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தாக்குகிறது. கவனம், நினைவு, கற்கும் திறன் எல்லாம் குறைகின்றன. ஒருமுறை ஏற்பட்ட பாதிப்பை மருந்து கொடுத்துத் திருப்ப முடியாது.

காய்ச்சல் வந்தால் தெரியும், வயிற்றுப்போக்கு வந்தால் தெரியும். காரீயம் சிறிய அளவில் உடலில் ஏறுவது தெரியாது. குழந்தை ஓடும், ஆடும், சிரிக்கும். ஐந்தாறு ஆண்டு கழித்து வகுப்பறையில் எழுத்து மனதில் நிற்காமல் தடுமாறும்போது ஆசிரியர் என்ன சொல்வார்? "இதுங்களுக்குப் படிப்பு ஏறாது" என்பார். எந்தச் சாதிப் பிள்ளைகளைப் பார்த்து அந்த வார்த்தை எளிதாக வாயில் வரும் என்பது நமக்குத் தெரியும். நஞ்சு செய்த வேலை பிறப்பின் குறையாகக் கணக்கில் எழுதப்படும்.

பசித்த உடலில் நஞ்சு அதிகம் ஏறும்

ஒரே பொம்மையை இரண்டு குழந்தைகள் கடித்தாலும் இரண்டு உடலிலும் ஒரே அளவு நஞ்சு ஏறுவதில்லை. வாய்வழியாகப் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடல் இன்னும் அதிகமாக உறிஞ்சுகிறது. உடலுக்குக் காரீயமும் கால்சியமும் ஒன்றுபோலத் தோன்றுவதால், கிடைக்காத சத்தின் இடத்தில் கிடைத்த நஞ்சை எடுத்துக்கொள்கிறது.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 57.4 சதவீதம். அதே கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் பட்டியல் சாதியில் சுமார் 39 சதவீதம்; பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாத 'மற்றவர்' பிரிவில் சுமார் 30 சதவீதம். இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சத்துக் குறைந்த உடல் யாருடையதோ அவர் கையில்தான் சோதிக்கப்படாத பொம்மையும் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது கோயிலுக்கும் குளத்துக்கும் மட்டும் பொருந்துவதில்லை. நஞ்சும் படிநிலையாகத்தான் பங்கிடப்படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடலில் ஏறிய காரீயத்தின் பெரும்பகுதி எலும்பில் போய்த் தங்கும், பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். சிறுமியாக இருந்தபோது எலும்பில் சேர்ந்தது, அவள் கருவுற்ற காலத்தில் எலும்பு கரையும்போது மீண்டும் இரத்தத்தில் கலந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். இன்று ஒரு பெண் குழந்தையின் வாயில் போவது அவளோடு முடிந்துவிடுவதில்லை.

தெரியாமல் நடந்ததா?

இதெல்லாம் நேற்றுத்தான் கண்டுபிடிக்கப்பட்டது போலப் பேசுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர மருத்துவர்கள், வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளில் பூசிய காரீய வண்ணம்தான் குழந்தைகளை நோயாளியாக்குகிறது என்று 1904லேயே சொல்லிவிட்டார்கள். சிலவகைத் தாலேட்களை வாயில் வைக்கும் பொம்மைகளில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் அவசரத் தடை போட்டது. 2005இல் அதைச் சட்டமாக்கியது. எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. 2007இல் உலகின் பெரிய பொம்மை நிறுவனங்களில் ஒன்றான மாட்டெல், வண்ணத்தில் காரீயம் இருந்ததால் லட்சக்கணக்கான பொம்மைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. மறு ஆண்டே அமெரிக்கா சட்டத்தைக் கடுமையாக்கியது.

இங்கே என்ன நடந்தது? டெல்லி, மும்பை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் வாங்கிய 111 மென் பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோதித்து, அவற்றில் காரீயமும் காட்மியமும் இருப்பதை டாக்சிக்ஸ் லிங்க் அமைப்பு 2006லேயே வெளியிட்டது. சென்னையும் அதில் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2010 ஜனவரியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டெல்லிச் சந்தையில் வாங்கிய 24 பொம்மைகளைச் சோதித்தது. எல்லாவற்றிலும் தாலேட் இருந்தது. 45 சதவீதத்துக்கும் மேற்பட்டவை உலக அளவில் ஏற்கப்பட்ட வரம்பைத் தாண்டியிருந்தன. 2019இல் இந்தியத் தரக் குழு, இறக்குமதிப் பொம்மைகளில் 121 வகைகளைச் சோதித்தபோது மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. உடைந்து தொண்டையில் சிக்கும் ஆபத்து, கூர்முனை, வேதிப்பொருள் என்று காரணங்கள் பல.

இத்தனைக்கும் பிறகுதான் 2020 பிப்ரவரியில் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகள் அனைத்துக்கும், உள்நாட்டில் செய்ததானாலும் வெளிநாட்டில் செய்ததானாலும், ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம் என்றது. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை அரசு விழித்துக்கொண்டதெல்லாம் துறைமுகத்தில்தான். 2009 ஜனவரியில் சீனப் பொம்மைகளுக்கு ஆறு மாதத் தடை போட்டார்கள். பிறகு சான்றிதழ் கேட்டார்கள். உள்ளூரில் அச்சில் வார்த்து உள்ளூர்ச் சந்தையில் விற்ற பொம்மையை யாரும் கேட்கவில்லை.

சட்டம் நல்ல சட்டம். அதை நாம் எதிர்க்கவில்லை. காரீயம், காட்மியம் உள்ளிட்ட தனிமங்கள் எவ்வளவு கசிகின்றன என்பதையும் தாலேட் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சோதிக்க அதில் இடம் இருக்கிறது. ஆனால் அதைப் பற்றி ஆட்சியாளர்கள் பேசும் பேச்சைக் கவனியுங்கள். இறக்குமதி 52 சதவீதம் குறைந்தது என்கிறார்கள். ஏற்றுமதி கூடியது என்கிறார்கள். இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆனதைச் சொல்கிறார்கள். பொம்மைக் கண்காட்சி நடத்தித் தற்சார்பு என்கிறார்கள். எத்தனை குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் குறைந்தது என்று ஒரு வரி உண்டா? இல்லை. அளந்தால்தானே குறைந்ததா என்று சொல்ல முடியும்! நஞ்சு சீனாவிலிருந்து வந்தால் தேசத்தின் பிரச்சினை. பக்கத்து ஊர்ப் பட்டறையிலிருந்து வந்தால் ஏழைத் தாயின் பிரச்சினை.

நம் கை பொறுக்கிய குப்பை நம் குழந்தை கைக்கே வருகிறது

குப்பையைப் பிரிப்பவர்கள் யார் என்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலைபோல் குவிந்த குப்பையில் கைவிட்டுப் பிளாஸ்டிக்கைத் தனியாக, செம்பைத் தனியாக எடுத்த கைகள் யாருடையவை? காயலான் கடையில் பழைய தொலைக்காட்சிப் பெட்டியை உடைப்பதும், வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பதும், பேட்டரியைப் பிளப்பதும் யார்? பெரும்பாலும் தலித்துகள், இஸ்லாமிய ஏழைகள், ஊர்விட்டு ஊர் வந்த பழங்குடிகள்.

அப்படி உடைத்த தொலைக்காட்சி, கணினிகளின் கருப்பு பிளாஸ்டிக் அரைக்கப்பட்டு, உருக்கப்பட்டு, குருணையாகி மீண்டும் சந்தைக்கு வருகிறது. தீப்பிடிக்காமல் இருக்க அந்தப் பெட்டிகளில் சேர்த்த புரோமின் வேதிப்பொருட்களும் கூடவே வருகின்றன. உலக நாடுகள் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின்கீழ் ஒழிப்பதாக ஒப்புக்கொண்ட பொருட்கள் அவை. 2017இல் ஐபென் என்ற பன்னாட்டு அமைப்பு 26 நாடுகளில் வாங்கிய கனசதுரப் புதிர் போன்ற விளையாட்டுப் பொருட்களைச் சோதித்தது. பத்தில் ஒன்பதில் அந்த வேதிப்பொருட்கள் இருந்தன. தொலைக்காட்சிப் பெட்டிக்காகச் செய்த நஞ்சு குழந்தையின் கையில் புதிராகச் சுழன்றுகொண்டிருந்தது.

இதை மறுசுழற்சி என்று கொண்டாடுகிறார்கள். நாங்கள் மறுசுழற்சிக்கு எதிரிகள் அல்ல. ஆனால் எது எதில் கலக்கலாம் என்ற விதி இல்லாத மறுசுழற்சி, நஞ்சை ஒரு சுற்று சுற்றவிட்டு, அதை முதலில் தொட்டவரின் வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறது. அப்பா உடைத்த பெட்டியின் தூசி அவர் சட்டையில் வீட்டுக்கு வருகிறது. அதே பெட்டியின் பிளாஸ்டிக் பொம்மையாகச் சந்தை வழியாக வருகிறது. கையுறை கொடுக்காத நாடு, இரத்தப் பரிசோதனை கொடுக்காத நாடு, இதற்குப் பெயர் மட்டும் அழகாக வைத்திருக்கிறது.

தாயைக் குற்றவாளியாக்கும் பழைய வித்தை

அறிவுரை சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தானே சொல்கிறார்கள் என்று சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. நல்லெண்ணத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

அமெரிக்காவில் வீட்டு வண்ணத்தில் காரீயம் 1978இல்தான் தடைசெய்யப்பட்டது. பிரிஸ்பேன் மருத்துவர்கள் எச்சரித்து 70 ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. நடுவில் அந்தத் தொழில்துறை என்ன செய்தது? சுவரிலிருந்து உதிரும் வண்ணத்தைத் தின்று குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தபோது, குறை வண்ணத்தில் இல்லை, சேரி வீடுகளில் இருக்கிறது என்றது. பிள்ளையைக் கவனிக்கத் தெரியாத பெற்றோரிடம் இருக்கிறது என்றது. காரீயத் தொழில் நிறுவனங்களின் சங்கத்தில் சுகாதார இயக்குநராக இருந்த மான்ஃபிரட் பௌடிச் 1950களில் எழுதிய கடிதங்களில், பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பின, போர்த்தோ ரிக்கக் குடும்பங்கள் என்பதையும், அந்தப் பெற்றோருக்குக் கற்பிப்பது எளிதல்ல என்பதையும் தயக்கமில்லாமல் எழுதி வைத்தார். இன்றைக்கும் அங்கே கறுப்பினக் குழந்தைகளின் இரத்தத்தில்தான் சராசரியாகக் காரீயம் அதிகம்.

மொழி மாறியிருக்கிறது, வித்தை அதேதான். நூறு நாள் வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகும் தாய், கைக்குழந்தையை ஏழு வயது அக்காவிடம் விட்டுப் போகிறாள். அழும் தம்பியின் வாயில் அக்கா எதையாவது கொடுக்கிறாள். இதில் யாருக்கு விழிப்புணர்வு போதவில்லை? அந்தத் தாய்க்கா, பக்கத்தில் அங்கன்வாடி இல்லாத ஊரை விட்டு வைத்திருக்கும் அரசுக்கா?

பொம்மை விற்பவரைக் குற்றவாளியாக்குவதையும் நாம் ஏற்கக் கூடாது. திருவிழாவில் தார்ப்பாய் விரித்து விற்பவர் நம்மைப் போன்றவர். மொத்தக் கடையில் கொடுத்ததை வாங்கி, நாளுக்கு 300, 400 லாபம் பார்ப்பவர். அதிகாரிகள் வந்தால் அவருடைய மூட்டையை அள்ளிக்கொண்டு போவார்கள், அது செய்தியாகவும் வரும். பொம்மை வார்த்த பட்டறைக்கும், குருணை விற்ற வணிகருக்கும், கப்பலில் இறக்கியவருக்கும் அதே வேகத்தில் யாரும் போவதில்லை. சட்டம் கீழிருந்து மேலே ஏறாமல் கீழேயே நின்றுகொள்வது நமக்குப் பழகிய காட்சி.

மரப்பொம்மைக்குத் திரும்பினால் போதுமா?

இன்னொரு பக்கத்திலிருந்து வேறொரு குரல் வருகிறது. நம் முன்னோர் மரப்பாச்சி வைத்து விளையாடினார்கள், நடைவண்டி ஓட்டினார்கள், பிளாஸ்டிக்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாரம்பரியத்துக்குத் திரும்புங்கள் என்கிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. யாருடைய முன்னோர் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. கொலுப்படியில் மரப்பாச்சி நின்ற வீடுகள் எவை, அந்த வீட்டுத் திண்ணையில் ஏற முடியாமல் நின்றவர்கள் எவர் என்பது வரலாறு.

அது கிடக்கட்டும். மரம் என்பதாலேயே பொம்மை பாதுகாப்பானதாகிவிடாது. அதன்மேல் பூசும் வண்ணம்தான் கேள்வி. வீட்டு வண்ணங்களில் காரீயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதியே நம் நாட்டில் 2016இல்தான் வந்தது; 2017 நவம்பரில்தான் நடைமுறையானது. பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைக்கும் 2020 ஆணையிலிருந்து விலக்கு உண்டு. கைவினைஞர்களும் உழைக்கும் மக்கள். சோதனைச் செலவை அவர்கள் தலையில் கட்டக் கூடாது என்பது சரி. ஆனால் அதற்கு வழி சோதிக்காமல் விடுவதா? நஞ்சில்லா வண்ணத்தை அரசு மானிய விலையில் கொடுக்கலாம், சோதனையைத் தன் செலவில் செய்யலாம். விலக்குக் கொடுப்பது செலவில்லாத தீர்வு, அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வண்ணத்தை முதலில் மூச்சில் இழுப்பவர் அதைச் செய்யும் கைவினைஞரும் அவர் குழந்தையும்தான்.

நாம் கேட்பது என்ன?

முதலாவது, அங்கன்வாடி. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. நம் குழந்தைகள் பொம்மையைத் தொடும் முதல் பொது இடம் அதுதான். பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் அனைத்திலும் அங்கன்வாடி அமைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரில் சொல்லிவிட்டது. அங்கே இருக்கும் விளையாட்டுப் பொருட்கள் அரசுப் பணத்தில் வாங்கியவை. ஒப்பந்தப் புள்ளியில் குறைந்த விலை கேட்பதோடு நிறுத்தாமல், காரீயம், காட்மியம், தாலேட் சோதனை அறிக்கையையும் கேட்க வேண்டும். அந்த அறிக்கையை மையத்தின் சுவரில் தமிழில் ஒட்ட வேண்டும். வண்ணம் உதிர்ந்த பழைய பொருட்களை எடுத்துவிட்டுப் புதிது தர வேண்டும்.

இரண்டாவது, சந்தை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வணிக வளாகத்தில் மட்டும் சோதனை செய்தால் போதாது. வாரச் சந்தையிலும் திருவிழாக் கடையிலும் மாதிரி எடுக்க வேண்டும். தேறாத பொம்மைக்குச் சில்லறை வியாபாரியின் மீது வழக்குப் போடக் கூடாது. பொருள் வந்த வழியைத் தேடி மேலே போக வேண்டும். வியாபாரிக்கு மாற்றுப் பொருளோ இழப்பீடோ கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, இரத்தப் பரிசோதனை. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் இருப்பதாக யுனிசெப் 2020இல் மதிப்பிட்டது. சுமார் 80 கோடிக் குழந்தைகள். அதில் இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கு மேல். பேட்டரி, வண்ணம், பாத்திரம், மசாலாக் கலப்படம் என்று காரணங்கள் பல. பொம்மை அவற்றில் ஒன்று. எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால் முதலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பது போலக் காரீயமும் பார்க்கப்பட வேண்டும். குப்பைக் கிடங்குகளையும் காயலான் கடைகளையும் ஒட்டிய குடியிருப்புகளில் அதைத் தொடங்க வேண்டும்.

நான்காவது, மறுசுழற்சி. மின்னணுக் கழிவின் பிளாஸ்டிக் பொம்மைக்கும் பாத்திரத்துக்கும் போகக் கூடாது என்று விதியும் கண்காணிப்பும் வேண்டும். அதைப் பிரிக்கும் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புக் கருவி, மாற்றுத் துணி, குளிக்கும் வசதி, மருத்துவப் பரிசோதனை எல்லாம் பொருளைத் தயாரித்த நிறுவனங்களின் செலவில் வேண்டும்.

அதுவரை வீட்டில் என்ன செய்வது என்று கூட்டங்களில் அம்மாக்கள் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். வண்ணம் உதிரும் பொம்மையையும் பிசுபிசுப்பாகிப்போன மென் பிளாஸ்டிக் பொம்மையையும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையிடமிருந்து எடுத்துவிடுங்கள். கவரிங் சங்கிலி, பதக்கம், சாவிக்கொத்து எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் 2006இல் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், காலணியோடு இலவசமாகக் கொடுத்த கைச்சங்கிலியின் சிறு பதக்கத்தை விழுங்கி இறந்தான். அது முழுக்க முழுக்கக் காரீயம். காயலான் கடை, பெயின்ட் அடிக்கும் வேலை, பேட்டரி வேலைக்குப் போகிறவர்கள் உடை மாற்றிக் கைகால் கழுவிய பிறகு பிள்ளையைத் தூக்குங்கள். சாப்பிடும் முன் குழந்தையின் கையைக் கழுவுங்கள். முட்டை, கேழ்வரகு, முருங்கைக்கீரை கிடைக்கும்போது விடாதீர்கள். மரக்கரண்டி, எவர்சில்வர் கிண்ணம், துவைத்த துணியில் செய்த பந்து ஆகியவையும் குழந்தைக்குப் பொம்மைதான். ஆனால் இவற்றைச் செய்தால் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாம் ஒதுங்கிக்கொள்வதற்கான வழிகள் இவை. நஞ்சு ஒதுங்குவதற்கான வழி வேறு.

அதற்கு ஒரு தொடக்கமாக, இந்த மாதம் ஒவ்வொரு காலனியிலிருந்தும் ஒருவர் ஒரு மனு எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், உங்கள் ஒன்றியத்தின் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்துக்கு மூன்று கேள்விகள் போதும். எங்கள் ஊர் அங்கன்வாடிக்குக் கடைசியாக விளையாட்டுப் பொருட்கள் வாங்கியது எப்போது, யாரிடம்? அவற்றுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை உண்டா, உரிம எண் என்ன? வேதிப்பொருள் சோதனை அறிக்கையின் நகல் தருக. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். வந்த பதிலை எடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். அங்கன்வாடிப் பொம்மைகளைச் சோதிக்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். "அதெல்லாம் இங்க பேசற விஷயமா?" என்று தலைவர் கேட்டால், ஆமாம், எங்கள் பிள்ளைகளின் மூளையைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லி, தீர்மானம் பதிவேட்டில் ஏறும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருங்கள்.

ஜெய்பீம்.